ஜூலையில் பூமி சூரியனைவிட்டு விலகுகிறது, அப்படியென்றால் சிங்கப்பூர் ஏன் டிசம்பரில் குளிர்கிறது?

கேள்வி இதுதான். ஜூலை நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பூமி சூரியனைவிட்டு வெகுதூரம் போகப்போகிறது, வழக்கமாக 9 கோடி கிலோமீட்டராக இருக்கும் தொலைவு 15.2 கோடியாகிவிடும், ஆகஸ்ட் வரை குளிரும், சளியும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்கிறது அது. அதைப் படித்த ஓர் அன்பர் கேட்கிறார்: இது உண்மையா? சிங்கப்பூருக்குப் பருவமே கிடையாது என்கிறார்கள், பிறகு டிசம்பர், ஜனவரியில் மட்டும் ஏன் குளுகுளுவென்று இருக்கிறது? இப்போது வெயில் இப்படிக் கொளுத்துவதற்குப் பூமியின் அச்சு நகர்ந்துவிட்டதுதான் காரணம் என்று அவருடைய மாமா சொல்கிறாராம், சரிதானா? கடைசியாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், எந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் நல்லது?

நான்கும் ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள்தான். வாட்ஸ்அப் தகவலை முதலில் முடித்துவிடுவோம்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல, லேசான நீள்வட்டம். அதனால் தொலைவு ஆண்டு முழுக்க ஒரே அளவாக இருக்காது. ஜனவரி முதல் வாரத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம், சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.21 கோடி. வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர். கேட்க மலைப்பாக இருந்தாலும் மொத்தத் தொலைவில் அது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தகவலில் வரும் 15.2 கோடி என்பது சரி. 9 கோடி என்பதுதான் தவறு. சராசரித் தொலைவு 15 கோடி கிலோமீட்டர், அதை மைலில் சொன்னால் 9 கோடியே 30 லட்சம். மைலில் உள்ள எண்ணைக் கிலோமீட்டர் என்று எழுதிவிட்டு, அதைக் கிலோமீட்டரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் பூமி திடீரென ஓடிப்போனதுபோலத்தான் தெரியும். இந்த விலகல் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கிறது, நீங்கள் பிறந்த ஆண்டிலும் நடந்தது. அதே ஜூலையில்தான் தோக்கியோவில் மக்கள் வெயில் தாங்காமல் தவிக்கிறார்கள். இதனால் யாருக்கும் காய்ச்சல் வராது. வயதானவர்கள் இதைப் படித்துவிட்டு உண்மையிலேயே பயப்படுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் குடும்பக் குழுவில் வந்தால் தயவுசெய்து அந்த மைல் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் தொலைவு ஒரு பொருட்டே இல்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பள்ளிப் பாடத்தில் ‘பருவங்களுக்குக் காரணம் சாய்வு, தொலைவு அல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். லண்டனுக்கும் தில்லிக்கும் அந்த வரி போதும். சிங்கப்பூருக்குப் போதாது. ஏன் என்று பார்ப்போம்.

பூமியின் அச்சு, அதன் சுற்றுப்பாதைத் தளத்துக்கு நேர் செங்குத்தாக இல்லாமல் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றிவரும்போது அந்தச் சாய்வின் திசை மாறுவதில்லை. வட முனை எப்போதும் துருவ நட்சத்திரப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஜூனில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்தும், டிசம்பரில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தும் நிற்கிறது. இதனால் இரண்டு விஷயங்கள் ஒரேநேரத்தில் மாறுகின்றன: சூரியன் வானத்தில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது. லண்டனில் ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். டிசம்பர் கடைசியில் எட்டு மணி நேரம்கூட இல்லை, உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரம்தான் ஏறும். இரண்டும் சேர்ந்து, வளிமண்டலத்துக்கு மேலே ஒரு நாளில் கிடைக்கும் சூரிய ஆற்றல் லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் மாறுகிறது. தொலைவு 3 விழுக்காடு மாறினால் ஒளி அதைப்போல் இரு மடங்கு மாறும், ஆனாலும் இதன் முன்னால் தொலைவால் வரும் அந்த 7 விழுக்காட்டு ஒளி வித்தியாசம் எடுபடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலரும் நம்ப மறுப்பார்கள். ஜூன் 21 அன்று, மேகத்தையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஒரு முழு நாளில் லண்டனின் தலைக்கு மேல் வந்து விழும் சூரிய ஆற்றல் அன்றைக்குச் சிங்கப்பூருக்கு வருவதைவிட அதிகம். அங்கே சூரியன் சாய்வாக நின்றாலும் நாலரை மணி நேரம் கூடுதலாகக் காய்கிறது அல்லவா? அப்படியும் லண்டன் நம்மளவு சூடாகாததற்குக் காரணம், அந்த உபரி வெயில் சில வாரங்களுக்கு மட்டும்தான். நமக்கு ஆண்டு முழுக்க.

இப்போது நம் ஊர் கணக்கு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 1.3 டிகிரியில் இருக்கிறது. ஆண்டின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே ஏறத்தாழ 9 நிமிடம்தான் வித்தியாசம். சென்னையில் அது ஒன்றரை மணி நேரம். ஆகவே ‘பகல் நீளம்’ என்ற பாதிக் காரணம் இங்கே அடிபட்டுப்போகிறது. மீதி, சூரியனின் உயரம். ஜூன் 21 வாக்கில் உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே, 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. டிசம்பர் 21 வாக்கில் தெற்கே, 65 டிகிரி உயரத்தில். இடையில் இரண்டு முறை, மார்ச் 23 ஒட்டியும் செப்டம்பர் 19 ஒட்டியும், நேர் தலைக்கு மேலே வருகிறது. அந்த நாள்களில் விளையாட்டுத் திடலில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் கம்பின் அடிக்குள் போய்விடும். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பார்க்காதீர்கள். மார்ச்சில் பகல் 1 மணி 11 நிமிடம் வாக்கில், செப்டம்பரில் 1 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது ஏற்கெனவே அரை மணி நேரத்துக்கு மேல் முந்தியிருந்த கடிகாரத்தை நாமும் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டோம், இரண்டும் சேர்ந்து வந்த வித்தியாசம் இது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.

உயரம் 90 டிகிரியிலிருந்து 65க்கு இறங்கினால் உச்சி வெயிலின் வேகம் சுமார் 9 விழுக்காடுதான் குறையும். இங்கேதான் தொலைவு உள்ளே நுழைகிறது. சாய்வால் வரும் மாற்றம் பத்து விழுக்காட்டுக்குள், தொலைவால் வரும் மாற்றம் ஏழு விழுக்காடு என்றால், இரண்டும் கிட்டத்தட்ட சமபலம். டிசம்பரில் சூரியன் சற்றே தாழ்ந்து நின்றாலும் பூமி அதன் அருகில் இருக்கிறது. ஜூனில் சற்றே உயர்ந்து நின்றாலும் பூமி தள்ளி இருக்கிறது. கூட்டிக் கழித்தால், மேகத்துக்கு மேலே அளக்கும்போது, டிசம்பர் கடைசியில் சிங்கப்பூருக்கு வரும் சூரிய ஆற்றல் ஜூன் கடைசியில் வருவதைவிட மூன்று நான்கு விழுக்காடு அதிகம்.

அதாவது சூரியனை மட்டும் கேட்டால், நமக்கு டிசம்பர் ஜூனைவிடச் சற்று வெப்பமாக இருக்க வேண்டும். ஆனால் சாங்கி வானிலை நிலையத்தில் எடுத்த 1991 முதல் 2020 வரையிலான சராசரி என்ன சொல்கிறது? டிசம்பரும் ஜனவரியும் சுமார் 26.8 டிகிரி செல்சியஸ், ஆண்டிலேயே குறைவு. மே மாதம் 28.6 டிகிரி, ஆண்டிலேயே அதிகம். ஜூன் 28.5. சூரியன் சொல்வதற்கு நேர்மாறு.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: டிசம்பரில் நாம் உணர்வது நம்முடைய குளிர்காலம் அல்ல. நமக்கென்று குளிர்காலம் கிடையாது. அது சைபீரியாவின் குளிர்காலம், காற்றேறி இங்கே வருகிறது.

எப்படி வருகிறது? வெயில் பட்டால் இரும்புச் சட்டி சட்டென்று சுடும், நிழல் வந்தால் சட்டென்று ஆறும். அதே வெயிலில் வைத்த அண்டா நிறையத் தண்ணீர் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். ஆசியாவின் உட்பகுதி அந்தச் சட்டி, அதைச் சுற்றியுள்ள கடல்கள் அந்தத் தண்ணீர். வட அரைக்கோளம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாயும் மாதங்களில் சைபீரியா, மங்கோலியா நிலப்பரப்பு வெப்பத்தை வேகமாக இழக்கிறது. யாகுட்ஸ்க் நகரத்தில் ஜனவரிச் சராசரியே மைனஸ் 35 டிகிரிக்குக் கீழே. குளிர்ந்த காற்று அடர்ந்து, கனத்து, கீழே அமுங்குகிறது. அதனால் அங்கே காற்றழுத்தம் ஏறுகிறது. அதேநேரத்தில் தெற்கே ஆஸ்திரேலியா கோடையில் சூடேறிக்கொண்டிருப்பதால் அங்கே அழுத்தம் குறைகிறது. அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்குக் காற்று கிளம்பிவிடும். பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்புவதால் அது நேராகத் தெற்கே வராமல் வடகிழக்கிலிருந்து வீசுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று என்பது இதுதான்.

வழியில் அது தென்சீனக் கடல் முழுவதையும் கடக்கிறது. கடல் அதற்குச் சூட்டையும் ஏற்றுகிறது, ஈரத்தையும் ஏற்றுகிறது. அதனால் நம்மிடம் வந்து சேரும்போது சைபீரியக் கடுமை போய்விடுகிறது. மிஞ்சுவது ஈரம். சில நேரம் வடக்கே குளிர்காற்று மொத்தமாகக் கிளம்பும்போது, தென்சீனக் கடலில் காற்று வலுத்து, இரண்டு மூன்று நாள் விடாமல் அடைமழையாக ஊற்றும். வானம் மூடியே இருக்கும், வெயில் தரையைத் தொடாது, மழை காற்றைக் குளிர்விக்கும், வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். காப்பிக்கடையில் எல்லாரும் குளிரைப் பற்றியே பேசும் நாள்கள் அவை. நம்முடைய ‘குளிர்’ பெரும்பாலும் மேகமும் மழையும் செய்யும் வேலை. மேகத்துக்கு மேலே டிசம்பர் வெயில் ஜூனைவிட அதிகமாகக் காய்ந்தாலும் கீழே வந்து சேர்வதில்லை. சாங்கியில் டிசம்பர் சராசரி மழை சுமார் 330 மில்லிமீட்டர், ஆண்டின் மொத்தமே 2,113 மில்லிமீட்டர்தான். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. தீவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலைகளில் ஒன்றும் இந்தப் பருவத்தில்தான் வந்தது: 1934 ஜனவரி கடைசியில் 19.4 டிகிரி.

இந்தக் காற்று இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய இடத்தில் புயல் உருவாகாது என்பார்கள், ஏனென்றால் காற்றைச் சுழல வைக்கும் பூமியின் சுழற்சி விளைவு அங்கே ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் 2001 டிசம்பர் 26 அன்று, பலமான வடகிழக்குக் காற்று போர்னியோ ஓரத்துச் சுழலோடு சேர்ந்துகொண்டு, சுமார் ஒன்றரை டிகிரி வடக்கில் வாமெய் என்ற சூறாவளி உருவானது. மறுநாள் ஜோகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. நம் வாசலில் என்றே சொல்லலாம்.

பிப்ரவரியில் நிலைமை மாறும். சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகரும் மழைமேகக் கூட்டம், அதாவது மழைப்பட்டை, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜாவா, வட ஆஸ்திரேலியா பக்கம் இறங்கிவிடும். நமக்கு அதே வடகிழக்குக் காற்று வரும், ஆனால் வறண்டு வரும். 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர் வறட்சி நிலவியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள், புல்தரையெல்லாம் வைக்கோலாகிப் போனது. வறண்ட வாரங்களுக்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்தால் சாலையோர ட்ரம்பெட் மரங்கள் இலை தெரியாமல் பூத்துவிடும். குளிர்காலமும் வசந்தமும் இல்லாத ஊரில் மரங்களுக்கு நாள்காட்டி இந்த ஈரமும் வறட்சியும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஊரில் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும். மார்கழி வந்தால் பனி, தெளிந்த வானம். இங்கேயோ மார்கழிதான் மழை உச்சம், தை பிறக்கும்போது தேக்கா சந்தையில் கரும்புக் கட்டுகள் நனைந்தபடி கிடக்கும். பருவக்காற்று ஒன்றுதான். சூரியன் தெற்கே நகர நகர மழைப்பட்டையும் பின்னாலேயே, சில வாரம் தாமதித்து, தெற்கே இறங்கிவருகிறது. 13 டிகிரியில் உள்ள சென்னையை அக்டோபர், நவம்பரில் நனைத்துவிட்டு 1.3 டிகிரியில் உள்ள நம்மிடம் டிசம்பரில் வருகிறது. தீபாவளிக்கு முன்பு சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும்போது பெய்யும் மழை வேறு கணக்கு. அது பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காற்று வலுவின்றி இருக்கும், தரை பகலெல்லாம் சூடேறி, பிற்பகலில் இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். ஏப்ரல், மே மழையும் அதே ரகம்.

அந்த ஏப்ரல், மேதான் நமக்கு வெயில் காலம். மார்ச்சில் சூரியன் தலைக்கு மேலே வந்துபோன பிறகு கடலும் நிலமும் சேர்த்துவைத்த சூடு, தணிக்கப் பருவக்காற்று இல்லாத நேரம், இரண்டும் சேர்கின்றன. இதுவரை பதிவான உச்சமான 37 டிகிரி இரண்டு முறை எட்டப்பட்டது: 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவில், 2023 மே 13 அன்று அங் மோ கியோவில். சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்டது. சூரியன் சென்னைக்கு ஒன்றும் நெருக்கமில்லை. அங்கே பின்னால் வறண்ட நிலப்பரப்பு இருக்கிறது, இங்கே நான்கு பக்கமும் கடல், வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. அந்த ஆவிதான் நம்மைப் புழுங்க வைக்கிறது என்பது வேறு விஷயம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைகீழ். இப்போது குளிர்காலம் ஆஸ்திரேலியாவுக்கு. அங்கிருந்து கிளம்பும் வறண்ட காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திசை திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. அது நமக்குப் பெரிய மழை தருவதில்லை. விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரிசையாக வரும் புயல்காற்று மழை ஒரு பக்கம், வறண்ட ஆண்டுகளில் அங்கே காடும் கரிநிலமும் எரியும் புகை ஒரு பக்கம். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது, புகையை இங்கே இழுத்துவந்தது தெற்கு அரைக்கோளத்தின் குளிர்காலம் அனுப்பிய காற்றுதான். தீ வைத்தது மனிதர்கள், அதைக் காற்றின் தலையில் போட முடியாது.

ஒரு சின்னக் கிளைக்கதை. பிப்ரவரியில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது இருட்டாக இருப்பதைப் பார்த்து, ‘குளிர்காலம் அல்லவா, பகல் குறைவு’ என்று சிலர் நினைக்கிறார்கள். பகல் நீளத்தில் அப்போது பெரிய மாற்றமே இல்லை. பிப்ரவரி நடுவில் சூரியன் 7 மணி 17 நிமிடத்துக்கு உதித்து 7 மணி 21க்கு மறைகிறது. நவம்பர் தொடக்கத்தில் 6 மணி 46க்கு உதித்து 6 மணி 50க்கு மறைகிறது. முழுப் பகலும் அரை மணி நேரம் அப்படியே முன்பின் நகர்கிறது. அச்சின் சாய்வும், சூரியனை நெருங்கும்போது பூமி வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடுவதும் சேர்ந்து செய்யும் வேலை இது. அந்த வேக வித்தியாசத்தால்தான் வட அரைக்கோளத்தின் குளிர்காலம் 89 நாளில் முடிய, கோடைக்காலம் கிட்டத்தட்ட 94 நாள் நீள்கிறது.

அடுத்து மாமாவின் கேள்வி. அச்சு நகர்கிறது என்பது உண்மை. அதனால்தான் இப்போது சூடு என்பது உண்மையல்ல.

அச்சு மூன்று விதத்தில் சூரியனோடு உள்ள உறவை மாற்றிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் செர்பியாவின் மிலுட்டின் மிலன்கோவிச். சாய்வின் அளவு ஏறத்தாழ 41,000 ஆண்டுச் சுற்றில் 22.1க்கும் 24.5க்கும் இடையே ஊசலாடுகிறது. அச்சின் திசை சுமார் 26,000 ஆண்டில் ஒரு வட்டம் அடிக்கிறது. நீள்வட்டத்தின் நீட்சி ஒரு லட்சம் ஆண்டு அளவில் கூடிக் குறைகிறது. துல்லியமாகச் சொன்னால் முதல் இரண்டுதான் அச்சைச் சேர்ந்தவை, மூன்றாவது பாதையைச் சேர்ந்தது.

திசை மாறுவதை நம் நாள்காட்டியிலேயே பார்க்கலாம். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நட்சத்திரங்களை வைத்து நாள் எண்ணும் நம் முறையில், அச்சு 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம் திரும்பியதால் வந்த இடைவெளி அந்த மூன்றரை வாரம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கும். சித்திரை முதல் நாளும் அப்படித்தான், மார்ச் சமப்பகலிலிருந்து விலகி ஏப்ரல் 14க்கு வந்துவிட்டது.

இந்த மாற்றங்கள் மெதுவானவை, ஆனால் வலிமையற்றவை அல்ல. வட அரைக்கோளக் கோடை வெயிலை அவை கூட்டிக் குறைத்ததுதான் பனியுகங்கள் வந்துபோனதற்குத் தாளம் போட்டது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வடக்கே கண்டங்களின் மேல் பனி மலையாகக் குவிந்திருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து கிடந்தது. சிங்கப்பூர் அப்போது தீவே அல்ல. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். புக்கிட் தீமா அந்தப் பெருநிலத்தில் எங்கோ உள்நாட்டில் ஒரு குன்று. பனி உருகிக் கடல் ஏறியதால்தான் நாம் தீவானோம். பூமியின் நிலை சூரியனோடு சற்றே மாறினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். இப்போது சாய்வு குறைந்துகொண்டு வருகிறது, நூறு ஆண்டில் 0.013 டிகிரி. கடக ரேகை ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் தெற்கே நகர்கிறது. சாய்வு குறைந்தால் வட அரைக்கோளத்தின் கோடை மென்மையாகும், பூமி மெல்லக் குளிரும் பக்கம்தான் போகவேண்டும். நாம் பார்ப்பது எதிர்த்திசை, அதுவும் ஒரு மனித ஆயுளுக்குள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காரணம் அங்கே இருக்கிறது. இங்கே அதோடு கான்கிரீட்டும் தார்ச்சாலையும் குளிர்சாதனப் பெட்டிகள் வெளியே தள்ளும் சூடும் சேர்கின்றன. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 0.6 முதல் 5 டிகிரி வரை ஏறலாம், கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது. தீவின் முப்பது விழுக்காட்டு நிலம் கடல்மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அந்த 0.6க்கும் 5க்கும் இடையில் எங்கே நிற்போம் என்பதை அச்சு தீர்மானிக்காது, உலகம் எவ்வளவு எரிக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். மாமாவிடம் இதை மட்டுமாவது பொறுமையாகச் சொல்லுங்கள். ‘அச்சு மாறிவிட்டது’ என்று நம்பினால், நம்மால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றும், எனக்குக் கவலை அதுதான்.

சரி, வீடு. மேலே சொன்ன 68, 65 டிகிரிக் கணக்கு இங்கே நேரடியாக உதவும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுவரை வெயில் வரும், தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு மற்ற மாதங்களில். இரண்டிலும் உச்சி வேளையில் சூரியன் செங்குத்துக்கு அருகில் நிற்பதால் வெயில் உள்ளே அதிகம் நுழையாது. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால், ஜூனிலோ டிசம்பரிலோ உச்சி வெயில் ஒரு மீட்டருக்குள்தான் வரும். பிற்பகலில் கொஞ்சம் சாய்வாக நுழையும், ஒரு சின்னத் தடுப்பு இருந்தால் போதும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. சூரியன் மறையும் இடம் ஜூனில் நேர் மேற்கிலிருந்து 23 டிகிரி வடக்கே, டிசம்பரில் 23 டிகிரி தெற்கே என்று நகருமே தவிர, ஆண்டின் எல்லா நாளும் தாழ்ந்து வந்து அந்த ஜன்னலுக்குள் பார்க்கும், அதுவும் சுவரெல்லாம் ஏற்கெனவே சூடேறிய நேரத்தில். கிழக்கிலும் அதே அளவு வெயில்தான், ஆனால் காலையில், இரவின் குளிர்ச்சி மிச்சமிருக்கும்போது.

அதனால் நீளமான முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்த புளோக்காகப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்றால், வடக்கில் ஒரு சங்கடம் உண்டு: டிசம்பர், ஜனவரியில் காற்றும் சாரலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும், வெயிலும் அந்த மாதங்களில் அங்கே படாது. மூங்கில் கழியில் துணி காயப்போடும் இடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வீடு பார்க்கப் போகும்போதே கவனித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் திசைகாட்டி இருக்கும், வரவேற்பறை ஜன்னல் முன்னால் நின்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். முகவர் ‘மேற்கு வெயில் இல்லை’ என்று சொன்னாலும், முடிந்தால் மாலை நான்கு மணிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. எதிர் புளோக் நிழல் தருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.